கிறிஸ்துமஸ் லீவுக்குப் பள்ளி அடைக்கிறார்கள்: மூணாறு மலைப் பெற்றோர் ஒரு தடவை படித்துவிடுங்கள்

கொழுந்துக்கூடை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நேற்று எங்கள் பள்ளியில் பி.டி.ஏ. கூட்டம் நடந்தது. பத்தாம் கிளாசில் மட்டும் நாற்பது பிள்ளைகள் படிக்கிறார்கள், வந்திருந்தது பதினோரு பெற்றோர். வராதவர்களைக் குறை சொல்ல மாட்டேன். காலையில் எஸ்டேட்டில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகவில்லை என்றால் அன்றைய கூலி போய்விடும், எனக்கும் நேற்று போனது. அங்கே பேசியது எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பள்ளிச் செய்தி. கிறிஸ்துமஸ் பரீட்சை முடிந்ததும் பள்ளி அடைத்துவிடும். திறந்த பிறகு எஸ்.எஸ்.எல்.சி. பிள்ளைகளுக்கு மிஞ்சுவது இரண்டு மாதம்தான். பிப்ரவரியில் ஐ.டி. செய்முறையும் மாடல் பரீட்சையும் வரும், மார்ச் தொடக்கத்தில் பெரிய பரீட்சை. கணக்கு, சமூக அறிவியல், ஆங்கிலம் மூன்றுக்கும் எழுத்துத் தேர்வு 80 மார்க், மற்றவற்றுக்கு 40. எட்டாம் கிளாஸ் பெற்றோர் தனியாகக் கவனியுங்கள்: 2024-25 முதல் ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துப் பரீட்சையில் 30 சதவீதம் எடுக்க வேண்டும் என்று அரசு கொண்டுவந்திருக்கிறது. எடுக்காத பிள்ளைக்குத் தனி வகுப்பு வைத்து மறுபடியும் பரீட்சை வைப்பார்கள். ஒன்பதாம் கிளாசுக்கும் இது வந்துவிட்டது. முன்பு போல எல்லாரும் தானாக மேலே போய்விடுவார்கள் என்று இருக்க வேண்டாம்.

கடைசியில் கிளாஸ் டீச்சர் ஒரு கேள்வி கேட்டார். "லீவில் பகல் முழுக்க உங்கள் பிள்ளையோடு வீட்டில் யார் இருப்பார்கள்?" பதினோரு பேரில் இரண்டு பேர்தான் கை தூக்கினோம். அந்த இரண்டிலும் ஒருத்தி நான், அதுவும் என் மாமியாரை நம்பித் தூக்கிய கை. அவருக்குக் கண் சரியாகத் தெரியாது.

இரவு முழுக்க அது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. பத்து நாளைக்குக் குளிரில், எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில், ஒரு போனோடு பிள்ளை தனியாக இருக்கப் போகிறாள். நீங்கள் எல்லாரும் என்ன செய்கிறீர்கள்?

டிஸ்பென்சரி சிஸ்டர் எழுதியது:

அக்கா, நல்ல நேரத்தில் ஆரம்பித்தீர்கள். படிப்பைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், நான் கரியைப் பற்றிச் சொல்கிறேன். ஒவ்வொரு டிசம்பரிலும் சொல்வதுதான், இன்னும் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

செண்டுவரை, லட்சுமி எஸ்டேட் பக்கமெல்லாம் டிசம்பர் கடைசியில் புல்லில் வெள்ளையாகப் பனி உறைந்து கிடக்கும். வீட்டில் பிள்ளைகள் தனியாக இருக்கும்போது என்ன செய்வார்கள்? சட்டியில் கரி போட்டு உள்ளறைக்குக் கொண்டுவருவார்கள், காற்று வரும் இடுக்கையெல்லாம் சாக்கை வைத்து அடைப்பார்கள், அப்படியே படுத்துவிடுவார்கள். புகை அடங்கிக் கரி சிவந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைப்பு. கார்பன் மோனாக்சைடு அந்தச் சிவந்த கனலிலிருந்துதான் வருகிறது. அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் போய் ஒட்ட வேண்டிய இடத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக இது ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, அப்புறம் கிறுகிறுப்பு, வாந்தி, தூக்கம். தூங்கினவர் எழுந்திருக்காமலே போகலாம்.

ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் பித்தம் என்று சுக்குக் கஷாயம் போடாதீர்கள். கதவைத் திறந்து எல்லாரையும் வெளியே கொண்டுவந்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். குளிர் காய வேண்டும் என்றால் அடுப்படியில் கதவைத் திறந்து வைத்துக் காயுங்கள். படுக்கும் முன்னால் நெருப்பை அணைத்துவிடுங்கள். ஒரு தடித்த சட்டைக்குப் பதில் இரண்டு மூன்று மெல்லிய சட்டை, காலுக்குச் சாக்ஸ், தலைக்குக் குல்லா, துணி சுற்றிய சுடுதண்ணீர் பாட்டில் ஒன்று. எல்லாரும் ஒரே அறையில் படுங்கள். இவ்வளவு போதும்.

போடிமெட்டு அப்பா எழுதியது:

சிஸ்டர் சொல்வது என் வீட்டில் நடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜனவரியில், நான் போடிக்கு லோடு ஏற்றிப் போயிருந்தேன். என் மனைவிக்கு அன்று நைட் ஷிப்ட். பையனும் பெண்ணும் கரிச்சட்டி வைத்துப் படுத்திருக்கிறார்கள். பெண் பாத்ரூம் போக எழுந்தவள் வாசலிலேயே விழுந்துவிட்டாள். அவள் விழுந்த சத்தத்தில் பக்கத்து வீட்டு அண்ணன் எழுந்து வந்து கதவைத் திறந்தார். அவள் அன்று எழுந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பிள்ளைகள் மேல் தப்பில்லை. கரிச்சட்டியை வீட்டுக்குள் வைத்துப் பழக்கியது நான்தான்.

வட்டவடைக்காரி எழுதியது:

அண்ணே, படிக்கவே நெஞ்சு பதறுகிறது. பிள்ளைகள் இப்போது நன்றாக இருக்கிறார்களா?

போடிமெட்டு அப்பா எழுதியது:

நன்றாக இருக்கிறார்கள் தங்கச்சி. பையன் இப்போது பத்தாம் கிளாஸ். அவனைப் பற்றித்தான் கேட்க வந்தேன். லீவில் தேனியில் தங்கை வீட்டில் விட்டு, அங்கே ஒரு டியூஷன் சென்டரில் பத்து நாள் கிராஷ் கோர்ஸ் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். அங்கே குளிரும் இல்லை, பெரியவர்களும் வீட்டில் இருப்பார்கள். சரிதானே?

பழைய வாத்தியார் எழுதியது:

தங்கை வீட்டுக்கு அனுப்புங்கள், டியூஷனுக்குப் பணம் கட்டாதீர்கள். 29 வருஷம் இந்த மலையில் கணக்கு நடத்தியவன் என்கிற உரிமையில் சொல்கிறேன்.

தேனியில் நடத்துவது தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். உங்கள் பையன் படிப்பது கேரள எஸ்.சி.இ.ஆர்.டி. புத்தகம். மொழி தமிழ்தான், ஆனால் பாட வரிசை வேறு, கேள்வி கேட்கிற முறை வேறு. இங்கே கணக்குத் தாளில் ஒரு வடிவத்தையோ எண் தொடரையோ கொடுத்து, அதைப் பார்த்து யோசிக்க வைப்பார்கள். அங்கே பத்து நாள் வேறு முறையில் பழகிவிட்டு வந்து, இங்கே மாடல் பரீட்சையில் தாளைப் பார்த்து முழித்த பிள்ளைகளை நான் வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். 'எனக்குக் கணக்கு வராது' என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டிவிடும். மார்க் குறைந்ததைக்கூடச் சரிசெய்துவிடலாம், இந்த முடிவை மாற்றத்தான் படாத பாடு பட வேண்டும்.

தமிழ் மீடியம் புத்தகங்கள் கேரளக் கல்வித்துறையின் சமக்ரா இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கொரோனா காலத்தில், 2020-இல், கேரள அரசின் விக்டர்ஸ் கல்வி டிவியில் ஃபர்ஸ்ட் பெல் என்ற வகுப்பு நடந்தபோது தமிழிலும் நடத்தினார்கள். பழைய கேள்வித்தாள்களைப் பள்ளியிலேயே கேட்டு வாங்கலாம். பள்ளி அடைப்பதற்கு முன்னால் வாங்கிவிடுங்கள், அடைத்த பிறகு வாட்ச்மேன் மட்டும்தான் இருப்பார்.

இன்னொன்று. பத்து நாளும் படி படி என்று விரட்ட வேண்டாம். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் நிறைய. இந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். பாடத்தைத் தூங்கும்போதுதான் மூளை பதியவைக்கிறது.

கொழிஞ்சாம்பாறை அண்ணன் எழுதியது:

வாத்தியார் சொன்னதை அப்படியே எங்கள் சித்தூர் தாலுகாவுக்கும் சேர்த்துப் படியுங்கள். எங்களுக்குக் குளிர் தொல்லை இல்லை, பொள்ளாச்சி பக்கத்தில் இருப்பதுதான் தொல்லை. பஸ் ஏறினால் டியூஷன் சென்டர். என் அக்கா மகனைப் போன லீவில் அங்கே சேர்த்தோம். திரும்பி வந்தவன் ஒரு மாதம் இரண்டு முறையையும் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தான்.

பொங்கலையும் சொல்லிவிடுகிறேன். கேரளாவில் பாலக்காடு, இடுக்கி, திருவனந்தபுரம் என்று தமிழர்கள் இருக்கும் ஆறு மாவட்டத்துக்கு ஒரு நாள்தான் பொங்கல் லீவு. நாம் ஊருக்குப் போனால் காணும் பொங்கல் முடிந்துதான் திரும்புவோம். பத்தாம் கிளாஸ் பிள்ளைக்கு இந்த ஒரு வருஷம் மட்டும் மறுநாளே திரும்பப் பாருங்கள். பாட்டிமார் கோபித்துக்கொள்வார்கள், நாம்தான் சமாதானம் சொல்ல வேண்டும்.

மறையூர் தம்பி எழுதியது:

ஜனவரியில் மாநிலப் பள்ளிக் கலைவிழா, கலோத்ஸவம், வருவதால் எங்கள் பள்ளியில் லீவிலும் ரிகர்சல் இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பழங்குடி ஆட்டமான மலைப்புலையர் ஆட்டம் 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த கலோத்ஸவத்திலிருந்து போட்டியில் சேர்ந்திருக்கிறது, பளியர் ஆட்டமும் சேர்ந்தது. எங்கள் பிள்ளைகள் அந்த மேடையில் ஆடுவதைப் பார்க்க எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! ரிகர்சலுக்குப் போகிற பிள்ளைகளை ஆறு மணிக்கு முன்னால் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி டீச்சரிடம் பேசுங்கள். தேயிலைக்காட்டுக் குறுக்குப் பாதையில் காட்டானை நிற்கிற காலம் இது.

அப்புறம் பையன்கள் விஷயம். லீவில் மூணாறு முழுக்க டூரிஸ்ட் வண்டி. பார்க்கிங்கில் நிற்க, ஹோம்ஸ்டேயில் எடுபிடி வேலை செய்ய, ஜீப் ஓட்ட என்று பதினாறு வயதுப் பையன்களைக் கூப்பிடுவார்கள். நானும் போயிருக்கிறேன். கையில் காசு பார்த்ததும் படிப்பு கசந்துவிட்டது, அந்த வருஷம் மூன்று பாடத்தில் போனேன். திரும்பி எழுதிப் பாஸ் ஆக ஒரு வருஷம் வீணானது. 18 வயது ஆகாதவன் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் வண்டி கொடுத்த பெரியவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு என்று 2019-இலேயே சட்டம் திருத்திவிட்டார்கள். வண்டியின் பதிவை ஒரு வருஷத்துக்கு ரத்து செய்வார்கள். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. டிரைவர் வேலைக்குத்தான் போகப் போகிறான் என்று வைத்துக்கொண்டாலும் அந்த வேலைக்கே இது கேடு.

வட்டவடைக்காரி எழுதியது:

சிஸ்டர், எனக்கு ஒரு சந்தேகம். பள்ளியில் வாரா வாரம் கொடுக்கிற நீல மாத்திரையை என் மகள் வாங்கி ஒளித்து வைத்துவிடுகிறாள். வயிறு புரட்டுகிறதாம். லீவில் விட்டுவிடலாமா?

டிஸ்பென்சரி சிஸ்டர் எழுதியது:

விடாதீர்கள். அது இரும்புச்சத்தும் ஃபோலிக் ஆசிடும் சேர்ந்த மாத்திரை. லீவு வாரங்களுக்கு உரியதைப் பள்ளியிலேயே கேட்டு வாங்கி வையுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் புரட்டத்தான் செய்யும். மதியச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள்.

இதைவிட முக்கியம் டீ. நம் வீடுகளில் சாப்பிட்ட கையோடு பால் சேர்க்காத கட்டன் சாயா குடிக்கிற பழக்கம் சின்னப் பிள்ளைக்கும் இருக்கிறது. தேயிலையில் இருக்கிற டானின் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ வேண்டாம். அதற்குப் பதில் ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ கொடுத்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். தலை சுற்றுகிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது, படித்தது நிற்கவில்லை என்று வருகிற பெண்பிள்ளைகளில் நிறையப் பேருக்கு ரத்தம் குறைவாகத்தான் இருக்கிறது. மக்கு என்று திட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

தண்ணீரும் அப்படித்தான். கொதிக்க வைத்த தண்ணீரில் ஆறுவதற்காகப் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கலக்காதீர்கள். மஞ்சள் காமாலை அதிலும் வரும். மாலை போட்டிருக்கிற பையன்களுக்கு இளைப்பு இருந்தால் விடியற்காலையில் ஐஸ் போன்ற தண்ணீரில் குளிக்க வைக்க வேண்டாம், வெந்நீரில் குளிக்கட்டும். ஐயப்பன் ஒன்றும் சொல்ல மாட்டார்.

தொடுபுழா ஹாஸ்டல் எழுதியது:

நான் இதே மலையில் தமிழ் மீடியத்தில் படித்தவள், இப்போது டிகிரி இரண்டாம் வருஷம். உடம்பைப் பற்றி எல்லாரும் நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். மனசைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று நான் எழுதுகிறேன்.

பத்தாம் கிளாஸ் கிறிஸ்துமஸ் லீவில் நான் பத்து நாளும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. கணக்கில் தோற்றுவிடுவேன் என்ற பயம். பாஸ் ஆனால் அதைவிடப் பெரிய பயம், பிளஸ் ஒன்னில் எல்லாம் இங்கிலீஷில்தானே? அம்மா ஐந்தரைக்கு வருவார், கை முழுக்க கொழுந்துக் கறை, இடுப்பு வலி. அவரிடம் இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

லீவுக்கு முன்னாலேயே ஒரு நாள் கவுன்சலிங் டீச்சர் என்னைக் கூப்பிட்டார். நல்லவர், தலையைத் தடவிக்கொண்டே "எந்தா மோளே, விஷமம் வல்லதும் உண்டோ?" என்று கேட்டார். என்ன மகளே, ஏதாவது மனக்கஷ்டம் உண்டா என்று அர்த்தம். மலையாளத்தில் விஷமம் என்றால் மனக்கஷ்டம். எனக்கு அப்போது அது தெரியாது. நான் ஏதோ சேட்டை செய்துவிட்டேனா என்று கேட்கிறார் என்று நினைத்து, "இல்லை டீச்சர், நான் ஒன்றும் பண்ணவில்லை" என்று அழுதுவிட்டேன். அவர் சரி, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அன்று யாராவது தமிழில் கேட்டிருந்தால் நான் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன்.

அதனால் கேட்கிறேன், வீட்டில் நீங்கள் கேளுங்கள். "படித்தாயா" என்பதை விட்டுவிட்டு வேறு ஏதாவது கேளுங்கள். பாத்திரம் கழுவும்போது, விறகு பொறுக்கும்போது, பக்கத்தில் இருந்து சும்மா பேசினால் போதும். முகத்தைப் பார்த்துக் கேட்டால் வராத பேச்சு வேலைக்கு நடுவில் வந்துவிடும். உங்களிடம் சொல்ல முடியாததைச் சொல்ல 14416 இருக்கிறது, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். எந்த நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசலாம். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். இரண்டையும் வீட்டுச் சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்தாலும் போதும்.

பழைய வாத்தியார் எழுதியது:

மகளே, 29 வருஷத்தில் எத்தனை பிள்ளைகள் என்னிடமும் இப்படி வாயடைத்து நின்றிருப்பார்கள் என்று யோசிக்க வைத்துவிட்டாய். நான் கேட்டதெல்லாம் "ஹோம்வொர்க் எங்கே" என்பதுதான்.

வட்டவடைக்காரி எழுதியது:

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். எங்கள் ஊரில் பூண்டு, கேரட், கோஸ் என்று எல்லா வீட்டிலும் விவசாயம், எல்லா வீட்டிலும் பூச்சிமருந்து. கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருப்போம். பரீட்சைக் காலத்திலாவது அதை வீட்டைவிட்டு வெளியே, பூட்டு போட்ட இடத்தில் வையுங்கள், சாவி பெரியவர் கையில் இருக்கட்டும். நான் நேற்றே மாற்றிவிட்டேன்.

டிஸ்பென்சரி சிஸ்டர் எழுதியது:

ரொம்ப நன்றி தங்கச்சி, நான் சொல்லியிருக்க வேண்டியதை நீங்கள் சொன்னீர்கள். பிள்ளை சாப்பாட்டைக் குறைத்தால், இரவில் தூங்காமல் இருந்தால், தனக்குப் பிடித்த பொருளைத் தம்பி தங்கைக்குத் தூக்கிக் கொடுத்தால், "நான் இல்லாவிட்டால் என்ன" என்று விளையாட்டுப் போலச் சொன்னால், திட்டாதீர்கள், தனியாக விடாதீர்கள். சாகணும் என்று நினைக்கிறாயா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டுவிட்டுக் கூடவே இருங்கள், 14416-ஐ நீங்களே போட்டுக் கொடுங்கள். கேரள அரசின் திஷா உதவி எண் 1056-இலும் பேசலாம்.

போடிமெட்டு அப்பா எழுதியது:

தேனி டியூஷனை விட்டுவிட்டேன். பையனிடம் இன்று மாலை சாயா குடிக்கும்போது கேட்டேன். அவனுக்கே போக இஷ்டமில்லையாம், நான் பணம் கட்டிவிட்டேன் என்று நினைத்துச் சொல்லாமல் இருந்திருக்கிறான். அவனோடு பேசி எத்தனை மாதம் ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

கொழுந்துக்கூடை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நானும் ஒன்றைச் சொல்கிறேன். என் மகள் ஓணப் பரீட்சையில் கணக்கில் டி கிரேடு வாங்கினாள். டி பிளஸ் வந்தால்தான் பாஸ். இரண்டு வாரம் அந்தப் பேப்பரை என்னிடம் காட்டவே இல்லை. தெரிந்ததும் நான் கத்திவிட்டேன். அதற்கப்புறம் அவள் என்னிடம் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஹாஸ்டல் பொண்ணு எழுதியதை நேற்று இரவு அவளுக்குப் படித்துக் காட்டினேன். விஷமம் என்ற இடம் வந்ததும் அவள் சிரித்தாள், உடனே அழுதாள். அப்புறம் பதினொரு மணி வரை பேசினோம். காலையில் எனக்குக் கண் எரிந்தது, ஆனாலும் பரவாயில்லை.

எங்கள் லயத்தில் மொத்தம் ஏழு பிள்ளைகள் எட்டு, ஒன்பது, பத்தாம் கிளாஸ் படிக்கிறார்கள். ஏழு வீட்டிலும் பேசிவிட்டேன். லீவில் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை எல்லாரும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்காருவார்கள், வெயில் முதலில் விழுவது அங்கேதான். என் மாமியாருக்குக் கண் தெரியாவிட்டாலும் காது நன்றாகக் கேட்கும், யார் எழுந்து போனாலும் கண்டுபிடித்துவிடுவார். மதியக் கஞ்சி வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்திருக்கிறோம். கரிச்சட்டி எந்த வீட்டுக்குள்ளும் போகாது என்று ஏழு வீட்டாரும் ஒப்புக்கொண்டார்கள். கணக்கு சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

பழைய வாத்தியார் எழுதியது:

செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் பத்து மணி பஸ்ஸில் வருகிறேன். எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். புதிய கணக்குப் புத்தகம் என்னிடம் இல்லை, பிள்ளைகளுடையதைப் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் மகளுடைய அந்த டி வாங்கிய பேப்பரை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். முதல் நாள் அதிலிருந்துதான் ஆரம்பிப்போம், எங்கே மார்க் விழுந்திருக்கிறது என்று பார்ப்போம்.

கொழுந்துக்கூடை எழுதியது:

இரண்டாம் டிவிஷன் ஸ்டாப் சார். இறங்கியதும் சர்ச் பக்கத்துப் படி. மகள் வந்து நிற்பாள்.